மாடிக்குப் போன லிண்டி

அந்தப் பேச்சு ஒரு கடிதத்தில் தொடங்கியது. 1984 பிப்ரவரி. நெரெய்டா போனியா வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். ‘ஹேடன் ஃபால்ஸ்’ என்ற பகல்நேரத் தொலைக்காட்சித் தொடருக்கு வரும் நேயர் கடிதங்களைப் பிரித்துப் படித்து, பதில் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. நியூயார்க்கின் மேற்குக் கரையோரம் ஒரு பழைய பால் கிடங்கை ஸ்டுடியோவாக மாற்றியிருந்தார்கள். அதன் நான்காம் மாடி அறையில் அவளுக்கு எதிர் மேசை வெர்னா சாபோவுடையது.

கடிதம் ஸ்பானிஷில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் ஸ்பானிஷும் சேர்த்துப் படித்தவள் என்பதற்காகத்தான் நெரெய்டாவை எடுத்திருந்தார்கள். அதை அவள் வெர்னாவுக்கு வாசித்துச் சொன்னாள்.

“‘என் தங்கச்சி பையனும் உங்க டெரெக்கும் ஒரே வாரத்துல பிறந்தவங்க. என் தங்கச்சி பையனுக்கு இன்னும் ஷூ லேஸ் கட்டத் தெரியல. போன வியாழக்கிழமை டெரெக் ஒரு பொண்ணுக்கு முத்தம் குடுத்தான். அவனுக்கு என்ன சாப்பாடு போடறீங்கன்னு எழுதுங்க. நாங்களும் போட்டுப் பாக்கறோம்.’ இதுக்கு நான் என்ன பதில் எழுதறது, மிஸஸ் சாபோ?”

வெர்னா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் நுனியில் துடைத்தாள்.

“போன செப்டம்பர்ல டெரெக்குக்கு எட்டு வயசு. சுவிட்சர்லாந்துல படிக்கப் போனான். சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போனான், மீசையோட திரும்பி வந்தான். இப்ப பத்தொன்பது.”

“நாலு மாசத்துல பதினோரு வயசா?”

“மலைக்காத்து.”

நெரெய்டா எதையும் சட்டென்று கேட்டுவிடுகிறவள் அல்ல. கடிதத்தை இன்னொரு முறை படித்துவிட்டு, “ஏன் இப்படிச் செய்யறோம்?” என்றாள்.

“நீதான் கதை எழுதறன்னு வெச்சுக்க. எட்டு வயசுப் பையனை வெச்சு என்ன கதை பண்ணுவ?”

“தொலைஞ்சு போகலாம்.”

“போயாச்சு. ரெண்டு தடவை.”

“உடம்புக்கு வரலாம்.”

“மூளைக் காய்ச்சல், எண்பத்திரண்டுல. ஆறு வாரம் கோமாவுல கிடந்தான், பாவம், அது ஒண்ணுதான் அவன் நல்லா நடிச்சது. அப்புறம்?”

நெரெய்டா உதட்டைப் பிதுக்கினாள்.

“அவ்வளவுதான், பாத்தியா. அவனால காதலிக்க முடியாது. கல்யாணம் பண்ணிக்க முடியாது, விவாகரத்து பண்ண முடியாது. யாரையாவது சுட்டாலும் ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. நமக்கோ வாரம் அஞ்சு நாள், வருஷம் பூரா கதை ஓடணும். அதோட குழந்தைய இத்தனை மணி நேரம்தான் வேலை வாங்கலாம்னு சட்டம் இருக்கு. கூடவே ஒரு டீச்சர் வரணும். கூடவே அம்மா வரும், அது டைரக்டருக்கு யோசனை சொல்லும். பல்லு விழும். காலையில எடுத்த காட்சியில பல்லு இருக்கும், மத்தியானம் எடுத்ததுல ஓட்டை இருக்கும். நாடகத்துல ரெண்டும் ஒரே அஞ்சு நிமிஷம்.”

“அதுக்காகவா?”

“முக்கியமா ஜூனுக்காக. ஜூன்ல பள்ளிக்கூடம் மூடிடும். பதினஞ்சு வயசுப் பொண்ணுங்கல்லாம் வீட்டுல படுத்துக்கிட்டு டி.வி. பாக்கும். அதுங்க கடற்கரையில சட்டையில்லாம ஓடறவனைத்தான் பாக்கும். சாப்பாட்டு டப்பாவைப் பாக்காது.”

“டெரெக்கோட அப்பாவுக்கு என்ன வயசு?”

“விக்டரா? என்கிட்ட இருக்கற அட்டைப்படி முப்பது. பதினோரு வயசுல அப்பாவானவன். அவன்கிட்ட நான் இதைச் சொல்லல, சொன்னா பெருமைப்படுவான்.”

“யாருமே கண்டுபிடிக்க மாட்டாங்களா?”

“கண்டுபிடிப்பாங்க. மாசத்துக்கு நாலு பேர். அதைப் படிக்கத்தானே உனக்குச் சம்பளம்.”

நெரெய்டா முதல்முறையாக அந்த அறையில் சிரித்தாள். பிறகு, அவள் அம்மா பிராங்ஸ் வீட்டில் துணி மடித்துக்கொண்டே தொடரில் பார்க்கும் அந்தச் சின்னப்பெண் நினைவுக்கு வந்தாள். “லிண்டிக்கும் இப்படி ஆகிடுமா?” என்று கேட்டாள்.

வெர்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். “லிண்டிக்கு வர்ற மே மாசம் ஏழு. போன மே மாசம் ஆறு. அதை நான் பாத்துக்கறேன்,” என்று சொல்லித் தட்டச்சு இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள். பேச்சு அதோடு முடிந்தது.

*

வெர்னாவின் அப்பா ஹங்கேரியிலிருந்து வந்து இரண்டாம் அவென்யூவில் தொத்திறைச்சிக் கடை வைத்திருந்தவர். பள்ளி முடிந்ததும் அவள் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் தட்டச்சு வேலைக்குப் போனாள். யார் எந்தத் தேதியில் இறந்தார், எந்தத் தேதி வரை பணம் கட்டியிருந்தார் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் பிரிவு. இருபத்தேழாவது வயதில் இந்தத் தொடருக்கு வந்து சேர்ந்தாள். வந்த வருடமே எழுத்தாளர்கள் மூன்று முறை மாறினார்கள். மூன்றாமவர் எழுதிய ஒரு கல்யாணக் காட்சியில் மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வாழ்த்திப் பேசினார். “இவரை ஏப்ரல்லயே புதைச்சிட்டோமே,” என்று தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து தொடரில் வரும் அந்த ஊரின் பிறப்பு இறப்பெல்லாம் அவள் பொறுப்பாயிற்று.

சாம்பல் நிற இரும்பு அலமாரி, பதினோரு இழுப்பறை. ஹேடன் ஃபால்ஸில் பிறந்த, இறந்த, இறந்து திரும்பி வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. பிறந்த தேதி, ரத்தப் பிரிவு, தழும்பு, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, எந்தக் கண்ணில் பார்வை போய் வந்தது, எல்லாம் அதில் இருக்கும். யாருக்கு யாரோடு உறவு என்பது மட்டும் பச்சை மையில். நடிகர்கள் ஒப்பனையைக் கலைக்காமலே மாடியேறி வருவார்கள்.

“வெர்னா, எனக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது. எழுபத்தொண்ணுல உன் அண்ணன் முழுகறப்ப நீ கரையில நின்னு அழுதுக்கிட்டிருந்த.”

“இப்ப குதிக்கச் சொல்றாங்களே.”

“குதி. ஆனா மூச்சுத் திணறு.”

தயாரிப்பாளர் லெஸ்டர் கிராஃப் அவளைப் பதிவாளரம்மா என்று கூப்பிடுவார். கேலிதான், ஆனால் அவள் சொன்ன தேதியை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. இருபது வருடத்தில் அவள் தப்பாகச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

அந்த ஊர்க் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பிறந்தநாளே வராது. பிறப்பார்கள், ஞானஸ்நானம் நடக்கும், பிறகு அவர்களை மாடியில் தூங்க வைத்துவிடுவார்கள். யாராவது சண்டைபோடும்போது மேலே அழுகுரல் கேட்கும். தேவைப்படும்போது வளர்ந்து இறங்கி வருவார்கள். லிண்டிக்கு மட்டும் வருடா வருடம் கேக் உண்டு. மார்ச் மாதமே எழுத்தாளர்களுக்கு வெர்னாவிடமிருந்து ஒரு சீட்டு போய்விடும்: ‘மே 11, லிண்டிக்கு இத்தனை வயது.’ கேக் வெட்டும் காட்சி எழுத எளிது, நாலு நிமிடம் ஓடும் என்பதால் அவர்களும் எழுதிவிடுவார்கள். அந்தக் காட்சியைப் பிடிக்கும் நாளில் வெர்னா தரைத்தளத்துக்கு இறங்கி வந்து இரண்டாவது கேமராவுக்குப் பின்னால் நிற்பாள். வருடத்தில் அந்த ஒருநாள்தான் அவள் அங்கே வருவது.

மார்ச்சில் அந்தச் சீட்டு போன வாரம், ஸ்க்ரான்டனிலிருந்து ஒரு பெண்மணியின் கடிதம் வந்தது. இது ஆறாவது தடவை எழுதுகிறேன் என்று தொடங்கியிருந்தாள். லிண்டி பிறந்தது மே மாதத்தில் அல்ல. அன்று புயல், ஆஸ்பத்திரியில் மின்சாரம் போய், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் அம்மா கிளாடியா பெற்றாள். ‘நான் தோட்டத்து பீன்ஸை உரித்துக்கொண்டே பார்த்தேன். எங்கள் ஊரில் பீன்ஸ் ஜூலைக்கு முன்னால் காய்க்காது.’

நெரெய்டா பழைய கதைப் பிரதிகளைத் தேடினாள். புயல் காட்சி 1977 ஜூலை 20. லிண்டியின் அட்டையை எடுத்துப் பார்த்தாள். மே 11, 1977. அடுத்தவரின் தப்பைக் கண்டுபிடித்ததில் சந்தோஷப்படுகிற சுபாவம் அவளுக்கு இல்லை. கடிதத்தை மடித்து வெர்னாவின் மேசையில் வைத்தாள்.

வெர்னா அதைப் பிரிக்காமலே உறையின் மேலிருந்த ஊர் முத்திரையைப் பார்த்தாள். “இந்தம்மாவுக்கு நானே பதில் போட்டுக்கறேன்,” என்றாள். அவள் கழுத்திலிருந்து காதுவரை சிவந்திருந்தது.

*

ஏப்ரல் முதல் வாரம் லெஸ்டர் காகிதக் குவளையில் காப்பியோடு வந்து வெர்னாவின் மேசை முனையில் உட்கார்ந்தார்.

“பதிவாளரம்மா, லிண்டிய வளத்துடணும்.”

“எவ்வளவு?”

“பதினேழு. ஜூன் கடைசி வாரம்.”

வெர்னாவின் கை தட்டச்சு இயந்திரத்தின் மேலேயே நின்றது. “பதினேழுன்னா அறுபத்தேழுல பிறந்திருக்கணும். அறுபத்தேழுல கிளாடியா கன்னியர் மடத்துல இருந்தா. நாலு மாசம் காட்டினோம்.”

“மடத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான்னு வெச்சுக்க.” அவர் கொஞ்சம் யோசித்தார். “நல்லாவே இருக்கே. அதுவே ஒரு கதை.”

“புயல்ல பிறந்ததை நாப்பது லட்சம் பேர் பாத்தாங்க.”

“இப்ப நாப்பது இல்ல, முப்பத்தொண்ணு. அதான் பிரச்னை.” அவர் குரலைத் தாழ்த்தினார். “வெர்னா, என் பொண்ணுக்குப் பதினஞ்சு வயசு. அவளே அடுத்த சேனலைத்தான் பாக்கறா. அப்பாவோட நாடகம் எப்படி இருக்குன்னு கேட்டா, கிழவிங்களும் குழந்தைங்களுமா இருக்குங்கறா.”

“ஏழு வயசுதான் லெஸ்டர் ஆகுது.”

“டெரெக்குக்கும் எட்டுதான் ஆச்சு. அதுக்கு நீ வாயே திறக்கலையே.”

“டெரெக் மக்கு.”

அவர் சிரித்துவிட்டு, அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். “லிண்டிக்கு என்ன, வெர்னா? வேற ஏதாவது இருந்தா சொல்லு.”

நெரெய்டா தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு ஏதோ இருக்கிறது என்பது அவளுக்கும் தெரிந்தது. வெர்னா தாளை இயந்திரத்தில் நேராக்கினாள்.

“ஜினாவோட ஒப்பந்தம் மே முதல் வாரத்தோட முடியுது,” என்றார் லெஸ்டர். ஜினா மெரோலா என்பது லிண்டியாக நடித்த குழந்தையின் பெயர். அங்கே எல்லோருக்கும் பதின்மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் ஒப்பந்தம். பதின்மூன்று வாரம் முடிந்தால் இருக்கச் சொல்லலாம், போகச் சொல்லலாம். “பிறந்தநாளைக் கொண்டாடியே அனுப்பிடலாம். கேக் வெட்டட்டும், அப்புறம் மாடிக்குப் போகட்டும். மரியாதையா இருக்கும்.”

மறுநாள் காலை அவர் மேசையில் வெர்னா மூன்று பக்கம் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். லிண்டிக்குப் பதினேழு என்றால் எந்தெந்தக் கல்யாணம் செல்லாது, யார் யாருக்குச் சகோதரி ஆகிவிடுவாள், எந்த உயில் பொய்யாகும் என்று முப்பத்தொரு காரணங்கள். லெஸ்டர் எல்லாவற்றையும் வாசித்தார். வாசித்துவிட்டு மாடிக்கு வந்து, “எல்லாம் சரிதான். எதுக்கும் என்கிட்ட பதில் இல்ல. ஆனாலும் செய்யறோம்,” என்று மெதுவாகச் சொல்லி, பக்கங்களை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

அன்று மதியம் வெர்னா, “வெளிய சாப்பிடலாமா?” என்று நெரெய்டாவைக் கேட்டாள். பக்கத்துப் பூங்காவில் ஒரு பெஞ்சு. வெர்னா கருப்பு ரொட்டிக்குள் முட்டையும் காரமிளகாயும் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பாதியை நெரெய்டாவிடம் கொடுத்தாள். தன் பாதியைச் சாப்பிடவில்லை.

“அந்த ஸ்க்ரான்டன் பொம்பள சொல்றது சரிதான்,” என்றாள். “ஜூலைதான்.”

நெரெய்டா கையிலிருந்த ரொட்டியை மடியில் வைத்தாள்.

“எனக்கு ஒரு பொண்ணு பிறந்தா. நாப்பது வயசுல. இனிமே இல்லன்னு நினைச்சிக்கிட்டிருந்தோம், பிறந்தா. மே பதினொண்ணு. பேரு இலோனா. இதயத்துல கோளாறு. பத்தொன்பது நாள் இருந்தா.” ரொட்டியை மறுபடியும் காகிதத்தில் சுற்றினாள். “ஜூன் நடுவுல வேலைக்கு வந்துட்டேன். வீட்டுல இருக்க முடியல. என் வீட்டுக்காரர் ஃபெரியும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காம இருக்க வழி தேடிக்கிட்டிருந்தோம். அவர் நல்ல மனுஷன்தான். பஸ் ஓட்டிக்கிட்டிருந்தார். அந்த வருஷக் கடைசியில கிளீவ்லண்டுல அண்ணன்கிட்ட போயிட்டார். நான் போக வேண்டாம்னு சொல்லல.”

ஒரு புறா அவர்கள் காலடிக்கு வந்தது. வெர்னா அதைக் கவனிக்கவில்லை.

“ஜூலையில கிளாடியாவுக்குக் குழந்தை. பொண்ணு. புது அட்டை போடணும். இயந்திரத்துல அட்டைய மாட்டினேன். பேரு அடிச்சேன். பிறந்த தேதின்னு இருக்கற இடத்துல என் கை பாட்டுக்கு அடிச்சிடுச்சு. யோசிச்செல்லாம் செய்யல. அப்புறம் பாத்தேன். திருத்தியிருக்கலாம்.”

“திருத்தலையா?”

“நாளைக்குத் திருத்தலாம்னு வெச்சேன். அடுத்த மே மாசம் யாரோ அட்டையப் பாத்துட்டு ஒரு மெழுகுவத்தி வெச்சாங்க. அதுக்கடுத்த வருஷம் ரெண்டு. அதுக்கப்புறம் எப்படித் திருத்தறது?” அவள் நெரெய்டாவின் பக்கம் திரும்பினாள். “ஜினா இலோனா இல்லன்னு எனக்குத் தெரியும். நான் பைத்தியம் இல்ல. ஆனா எனக்கு ஒரு அளவு கிடைச்சிது. இந்த வருஷம் இவ்வளவு உயரம். இந்த வருஷம் எழுத்துக் கூட்டிப் படிப்பா. இந்த வருஷம் பொய் சொல்லக் கத்துப்பா. அந்த அளவை வெச்சுக்கிட்டு நான் வருஷத்தைக் கழிச்சிட்டேன். இப்ப பதினேழுங்கறான். பத்து வருஷம் நான் எங்க போய்ப் பாக்கறது? செத்த குழந்தைக்குக்கூட வருஷத்துக்கு ஒரு வயசுதான் ஏறும், நெரெய்டா.”

நெரெய்டாவுக்கு ஆறுதல் சொல்ல வராது. இரண்டு மொழியில் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில், “லெஸ்டர்கிட்ட சொல்லுங்களேன். அவர் கேட்டாரே,” என்றாள்.

“சொன்னா இரக்கப்படுவான். ஒரு பதிமூணு வாரம் தள்ளி வைப்பான். அப்புறம் பதிமூணு வாரத்துக்கு ஒருதரம் அவன் என் முகத்தைப் பாப்பான், நான் அவன் முகத்தைப் பாப்பேன். என் பொண்ணு அதுக்கு இல்ல.” எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். “நீயும் சொல்லாத.”

நெரெய்டா சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று பல நாள் நினைத்தாள். லெஸ்டரின் அறைவரை ஒருமுறை போனாள். கதவு திறந்துதான் இருந்தது. அவர் தொலைபேசியில் யாருக்கோ புள்ளிவிவரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

*

மே பதினொன்று ஒளிபரப்பாகப் போகும் காட்சியைப் பத்து நாள் முன்பாகவே, ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்தார்கள். வெர்னா வழக்கம்போல் இரண்டாவது கேமராவுக்குப் பின்னால் நின்றாள். இம்முறை நெரெய்டாவும் கூட வந்தாள்.

ஜினாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. ஊதினால் காற்று மெழுகுவர்த்திக்குப் போகாமல் மேலே போயிற்று. மூன்று முறை எடுத்தும் ஏழில் நாலுதான் அணைந்தது.

“கொஞ்சம் பலமா ஊது, தங்கம்,” என்றார் டைரக்டர்.

“பலமாத்தான் ஊதறேன். மெழுகுவத்திதான் கிட்ட வரமாட்டேங்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். கிளாடியாவாக நடித்தவள் சிரிக்கவில்லை. ஆறு வருடமாக அந்தக் குழந்தையை மடியில் வைத்திருந்தவள் அவள். அடுத்த மாதம் ஒரு பதினேழு வயதுக்காரிக்கு அம்மாவாகி, அடுத்த வருடம் பாட்டியாகிவிடுவோமோ என்ற பயமும் அவளுக்கு இருந்தது. நாலாவது முறை, கேமராவில் தெரியாதபடி அவளும் சேர்ந்து ஊதினாள்.

பிறகு மாடிப்படி. ஜினா ஒரு கையில் கேக்கும் ஒரு கையில் பொம்மையுமாக ஏறினாள். மேல்படியில் திரும்பி, “பாதிதான் சாப்பிடுவேன், மீதி காலையில,” என்று வசனம் சொல்லிவிட்டுப் போனாள். “முடிஞ்சிது,” என்றார் டைரக்டர். வெர்னா சுற்றிக்கொண்டு அரங்கத்தின் பின்பக்கம் போனாள்.

அந்த மாடிப்படி எந்த மாடிக்கும் போகவில்லை. மேலே ஒரு பலகை, பலகையிலிருந்து கீழே இறங்க ஓர் ஏணி, அவ்வளவுதான். ஜினா பலகையில் உட்கார்ந்து கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“நீங்கதானே கேக்குக்கு வர்ற பாட்டிம்மா?” என்றாள் வெர்னாவைப் பார்த்து.

“நான்தான். இறங்கு, பாத்து.”

“எனக்கு ரெண்டு பிறந்தநாள், தெரியுமா? நிஜம் அக்டோபர்ல. இது லிண்டியோடது. என் ஸ்கூல்ல யாருக்குமே ரெண்டு இல்ல.” ஏணியில் ஒரு படி இறங்கி நின்றாள். “எனக்கு லீவு விடறாங்கன்னு அம்மா சொன்னாங்க. அடுத்த வருஷம் இந்தப் பிறந்தநாளை யாருக்குக் குடுப்பாங்க?”

கணக்கில் எதையும் தப்பாகச் சொல்லாத வெர்னா குழந்தையை இடுப்பில் பிடித்து இறக்கினாள். வாயோரத்தில் ஒட்டியிருந்த வெள்ளை கிரீமைக் கைக்குட்டையால் துடைத்தாள். “பெரிய பொண்ணு ஒருத்தி வரா. அவளுக்கு,” என்றாள்.

“அவ ஊதிடுவாளா?”

“ஊதிடுவா. அவளுக்குப் பல்லெல்லாம் இருக்கு.”

ஜினா அதை யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்பதுபோல் தலையாட்டிவிட்டு அம்மாவிடம் ஓடினாள். வெர்னா அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தவன், “அம்மா, இங்கே இருட்டாகிடும்,” என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஜூன் கடைசித் திங்கட்கிழமை லிண்டி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இருபத்திரண்டு வயது நடிகை, மஞ்சள் நிற நீச்சலுடையின் மேல் ஒரு துண்டு. “அம்மா, என் செருப்பைப் பாத்தியா?” என்றாள். கிளாடியா செய்தித்தாளிலிருந்து கண்ணெடுக்காமல், “வாசல்ல கிடக்கு,” என்றாள். ஊர் அதோடு அவளை ஏற்றுக்கொண்டது.

நெரெய்டா கடிதங்களுக்காகக் காத்திருந்தாள். முதல் வாரம் ஒன்பது வந்தன. இரண்டாம் வாரம் இரண்டு. ஜூலையில் புது லிண்டி கையெழுத்திட்ட படம் கேட்டு மூட்டையாக வந்தன. பிராங்ஸில் அவள் அம்மா துணி மடித்தபடி, “எப்படி வளர்ந்துட்டா பாரு, கண்ணு,” என்றாள்.

“அம்மா, மே மாசம்தான் அவளுக்கு ஏழு வயசு ஆச்சு.”

“பொண்ணுங்க அப்படித்தான். நீயும் அப்படித்தான் வளர்ந்த.” அம்மா துணியிலிருந்து நிமிரவில்லை.

அந்தத் தொடரைப் பார்த்துத்தான் அம்மா ஆங்கிலம் கற்றுக்கொண்டாள். நெரெய்டா அவளோடு வாதம் செய்யவில்லை. எழுந்து போய் ஜன்னலோரம் நின்றாள்.

வெர்னா இன்னும் ஏழு வருடம் அந்த வேலையில் இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் கசகசா ரொட்டி கொண்டுவந்தாள். யாருக்கு நீச்சல் தெரியும், யாருக்குத் தெரியாது என்று சொன்னாள். அட்டைகளைக் கணினியில் ஏற்ற ஆள் வந்த வருடம் ஓய்வு பெற்று, பென்சில்வேனியாவில் தங்கையின் வீட்டுக்குப் போனாள். லிண்டி வளர்ந்த அந்த ஜூனுக்குப் பிறகு எந்தக் குழந்தையின் பிறந்தநாளுக்கும் அவள் சீட்டு அனுப்பியதில்லை, தரைத்தளத்துக்கு இறங்கியதுமில்லை. இலோனாவைப் பற்றி நெரெய்டாவிடமும் மறுபடி பேசியதில்லை, ஒருமுறை தவிர. அத்தனை வருடத்தில் அவள் நெரெய்டாவிடம் தனக்காக எதையும் கேட்டதும் அந்த ஒருமுறைதான்.

அது புது லிண்டி வந்த அதே வருட ஆகஸ்ட். லிண்டியின் அட்டை இன்னும் திருத்தப்படாமலே கிடந்தது. எழுத்தாளர்கள் இரண்டு முறை கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் இறங்கிப் போனபிறகு வெர்னா இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்துக்கொண்டு வந்து நெரெய்டாவின் மேசையில் வைத்தாள். வருடத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் 1967 என்று தட்டச்சு செய்திருந்தது. மே 11 அப்படியே இருந்தது.

“வருஷத்தை நான் மாத்திட்டேன்,” என்றாள். “அது அவங்க வருஷம். எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கட்டும். ஆனா அடுத்த மே மாசத்துக்குக் கதை எழுதிட்டாங்க. பதினெட்டாவது பிறந்தநாள் விருந்துல அவளை ஒருத்தன் கார்ல கடத்திக்கிட்டுப் போறான். அந்தத் தேதியில நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன். அன்னிக்கு இது வேண்டாம்.” அட்டையை ஒரு விரலால் நெரெய்டாவின் பக்கம் தள்ளினாள். “புயல் அடிச்ச தேதியப் போட்டுடு. ஜூலை இருபது. விருந்தும் அந்தத் தேதிக்கே போயிடும். அந்த ஸ்க்ரான்டன் அம்மா சொன்னதுதான் சரி, அப்பவே சரியா அடிச்சிருக்கணும். நாலு நாளா மாட்டி மாட்டிப் பாக்கறேன், என்னால அதை மட்டும் அடிக்க முடியல. நீ அடிச்சுக் குடுத்துடறியா? நான் வர்றதுக்குள்ள உள்ள வெச்சுடு. நான் பாக்க வேண்டாம்.”